நீங்க முதல்ல

"மேல யாராவது 'நீங்க முதல்ல'ன்னு சொன்னா, பேசாம ஏறி உட்கார்ந்துடுங்க. உபசாரம் எல்லாம் கீழ வந்து வச்சுக்கலாம்" என்றார் மஷ்தி யதுல்லா.

அல்போர்ஸ் மலையின் அந்தச் சரிவில் லிஃப்ட் ஓட்டுபவர் அவர்தான். கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் ஒற்றை நாற்காலிகள். ஒன்றுக்கு ஓர் ஆள். ஷா மன்னர் காலத்துச் சரக்கு.

"தெஹ்ரான்காரங்களைப் பார்த்து உபசாரம் பண்ணாதேங்கறீங்களே! மூச்சு விடாதேன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்று சிரித்தான் சியாமக்.

"நீங்க மாத்தி மாத்திக் குனிஞ்சு முடிக்கறதுக்குள்ள என் நாற்காலி காலியா வந்துடுது" என்றார் மஷ்தி. அவர் சிரிக்கவில்லை.

சியாமக், குல்நார், ஃபரிபோர்ஸ் என்ற பழைய கல்லூரி நண்பர்கள் மூவரும் விடுமுறைக்குப் பனிச்சறுக்குப் பழக வந்திருந்தார்கள். பழக்குவது ஃபரிபோர்ஸ். கட்டட இன்ஜினியர். பத்து வருடத்துக்கு முன்பு சுவிட்சர்லாந்தில் பன்னிரண்டு நாள் இருந்தவன். அந்தப் பன்னிரண்டு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

"முட்டியை மடக்கு, சியாமக்! சுவிட்சர்லாந்துல குழந்தைங்ககூட இப்படி விழாது."

"விழற குழந்தையை உன் கண்ணுல காட்டியிருக்க மாட்டாங்க, இன்ஜினியரே."

குல்நார் விழும்போதெல்லாம் பனியிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் அப்படித்தான். இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை ஏற்றுக்கொள்வது எங்கள் ஊர் மரியாதை. குல்நாருக்கு அந்த மூன்றாம் முறை வரவே வராது. ஒருமுறை கல்யாண வீட்டு வாசலில் இன்னோர் அம்மாளுடன் "நீங்க முதல்ல" என்று நின்றுகொண்டிருந்ததில், உள்ளே விருந்தே முடிந்துபோனது.

மதியம் மூடுபனி இறங்கியது.

"இப்ப பாருங்க வித்தையை!" என்று ஃபரிபோர்ஸ் மேல் சரிவிலிருந்து பாய்ந்தான். பனி அவனை விழுங்கியது. தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள். போன் எடுக்கவில்லை. இருவருக்கும் மேலே லிஃப்ட் ஏறும் இடத்திலேயே காத்திருப்பதைத் தவிர வழி தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு அவன் வந்தான். நடந்து வந்தான். அதே நீல ஜாக்கெட், மூக்குவரை சுற்றிய மப்ளர், தோளில் சறுக்குக் கட்டைகள்.

"விழுந்துட்டியா?"

தலையை மட்டும் ஆட்டினான்.

"சுவிஸ் பனி வேற, ஈரான் பனி வேறயோ?"

 அரை மணி நேரமாகியும் அவன் வாயில் சுவிட்சர்லாந்து வரவில்லை. பத்து வருடத்தில் இது முதல் முறை. மலை அவனுக்கு அடக்கம் கற்றுக்கொடுத்துவிட்டது என்று சியாமக் சந்தோஷப்பட்டான்.

கீழேயிருந்து மணி மூன்று முறை ஒலித்தது. இன்னும் மூன்று நாற்காலிகள்தான் வரும். பிறகு லிஃப்ட் நின்றுவிடும். சியாமக்குக்கும் குல்நாருக்கும் சறுக்கி இறங்கத் தெரியாது. இந்தக் குளிரில் இரவு தங்கினால் விறைத்துச் சாக வேண்டியதுதான்.

முதல் நாற்காலி மூடுபனியிலிருந்து ஆடிக்கொண்டே வந்தது.

"நீங்க முதல்ல" என்றான் ஃபரிபோர்ஸ், வலது கையை நெஞ்சில் வைத்து.

"ஐயோ, நீ முதல்ல" என்றாள் குல்நார்.

"அதெப்படி? நீங்க முதல்ல."

நாற்காலி காலியாகப் போயிற்று.

இரண்டாவது வந்தது. ஃபரிபோர்ஸ் சியாமக்கின் பக்கம் திரும்பிக் குனிந்தான். "நீங்க முதல்ல."

"ரொம்ப நன்றி!" என்று சியாமக் தாவி உட்கார்ந்தான். முதல் அழைப்பிலேயே ஏற்றுக்கொள்வது எங்களிடையே காட்டுமிராண்டித்தனம். அவன் முழங்கால்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

"குல்நார், அடுத்ததுல நீ ஏறிடு! சுவிஸ்காரன் சறுக்கியே வந்துடுவான்!"

"சரி, சரி, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

திரும்பிப் பார்த்தான். மூடுபனிக்குள் நெஞ்சில் கை வைத்தபடி ஓர் உருவம் குல்நாரை நோக்கிக் குனிந்தது. குல்நாரும் குனிந்தாள்.

கீழே மஷ்தி அவனைப் பிடித்து இறக்கினார். அறைக்குள் அடுப்பருகே, கட்டுப்போட்ட காலை நீட்டி, பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியோடு டீ உறிஞ்சிக்கொண்டிருந்தான் ஃபரிபோர்ஸ்.

"வாடா! சுவிட்சர்லாந்தா இருந்தா அஞ்சு நிமிஷத்துல ஹெலிகாப்டர் வந்திருக்கும். இங்க மீட்புக்காரனுங்க என்னை மூட்டை மாதிரி இழுத்துட்டு வந்தானுங்க. போனும் பனியில தொலைஞ்சுடுச்சு. மதியத்துலேர்ந்து இங்கதான் கிடக்கறேன். குல்நார் எங்க?"

சியாமக் வாசலையும் ஃபரிபோர்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்த மஷ்தி அருகில் வந்தார்.

"மேல உங்களை ஏறச் சொன்னது யாரு?"

சியாமக் விரலை நீட்டி ஃபரிபோர்ஸைக் காட்டினான்.

"எத்தனை தடவை சொன்னான்?"

"ஒரே தடவை. நான் உடனே ஏறிட்டேன்."

"நல்லவேளை, உங்களுக்கு மரியாதை தெரியல" என்றார் மஷ்தி. "அந்த அம்மா, குல்நார் கானுமுக்கு?"

சியாமக் வாசலுக்கு ஓடினான்.

வெளியே கம்பி கிறீச்சிட்டது. கடைசி நாற்காலி மூடுபனியைவிட்டு மெல்ல இறங்கி வந்தது. அதில் ஆள் இருந்தது. நீல ஜாக்கெட். வலது கை நெஞ்சில்.

"மன்னிக்கணும்" என்றது ஃபரிபோர்ஸின் குரல். "கானும் மூணு தடவை வற்புறுத்தினாங்க. அதுக்கு மேலயும் மறுத்தா மரியாதையா இருக்காதே."