கோட்டுக்குக் கீழே

தராசில் போடுவதற்கு முன் லோஷினி மகளின் சட்டையைக் கழற்றினாள். பாம்பர்ஸையும் கழற்றினாள்.

வெறும் உடம்போடுதான் எடை பார்க்க வேண்டும். விதி அது. எழுதியவளே அவள்தான்.

லாபிஸ் கிளினிக்கில் யாருக்கும் அது தெரியாது. ஜொகூர் பாருவில், குழந்தை நல ஆய்வு அலுவலகத்தில் புள்ளியியல் பார்க்கிறவள் என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. பிரசவ லீவில் புருஷன் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு பெண். அவ்வளவுதான்.

நர்ஸ் மிஸ்ஸி எடையைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த வளர்ச்சிப் படத்தைப் பார்த்தார்.

"இந்த மாசமும் கோட்டுக்குக் கீழதாம்மா. பால் குடுக்கிறியா, இல்ல போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த வாரம் சிகாமட் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமாம். மறுபடியும் ஊசி, மறுபடியும் ரத்தம். போன தடவை நரம்பு கிடைக்காமல் குத்திய இடம் இன்னும் கன்றிப்போய்க் கிடந்தது. அப்போதும் நோய் என்று எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் மகளுக்குப் பாம்பர்ஸையும் சட்டையையும் மாட்டிவிட்டாள்.

அந்தக் கோட்டைப் போட்டவளும் அவள்தான். எங்கேயோ பிறந்த பிள்ளைகளை வைத்துப் போட்ட பழைய கோடு நம் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு எதற்கு என்று மேலதிகாரிகள் முன்னால் எழுந்து நின்று கேட்டாள். வாழ்க்கையில் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். பிறகு இந்தப் பக்கத்துக் கிளினிக்குகளில் எடுத்த எடைகளை வைத்தே புதுக் கோடு போட்டாள்.

அதற்குக் கீழே விழுந்தால் பிள்ளைக்கு ஏதோ குறை.

அதனால்தான் போனில் அலாரம் வைத்து, தூங்குகிற பிள்ளையை இரவும் பகலும் எழுப்பி எழுப்பிப் பால் கொடுத்தாள். பிள்ளை சிரித்தது, காலை உதைத்தது, கொழுகொழுவென்றுதான் இருந்தது. லோஷினியின் கண்ணுக்குக் கீழேதான் கறுத்துப்போனது.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். முதுகு சொன்னபடி கேட்கவில்லை. மகள் அவள் தோளிலேயே தூங்கிப்போனாள்.

பக்கத்து வீட்டு ஷாமளா தன் மகனின் காலிலிருந்து எதையோ உருவிக்கொண்டிருந்தாள். ஒரு சோடி வெள்ளித் தண்டை. கெட்டி வெள்ளி.

"ஏங்க்கா, புள்ளைய இப்படியா மொட்டையா கொண்டுபோவீங்க? கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல. இந்த பெஞ்சு பூரா சுத்துற தண்டைலா இது."

"மிஸ்ஸி கழட்டச் சொல்ல மாட்டாங்களா?"

"பால்குடிப் புள்ள கால்ல கெடக்கிறத கழட்டுனா ஆகாதுன்னு ஒரே போடா போட்ருவோம்." ஷாமளா குரலைத் தாழ்த்தினாள். "ஜொகூர் பாருல இருந்து ரிசர்ச்சுன்னு எடை எடுக்க வந்தாங்களே, அப்பவும் இதான். ஒவ்வொரு புள்ளைக்கா மாத்தி மாத்திப் போட்டோம். நம்ம புள்ளைங்கள நோஞ்சான்னு எழுதிட்டுப் போயிட்டா? பக்கத்துத் தோட்டத்துலயும் அதே கதைதான், போங்க."

லோஷினி தண்டையைக் கையில் வாங்கினாள்.

கனத்தது.

மகளுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்த தூரம் அந்தக் கனத்தைவிடப் பெரிதில்லை.

அந்த எடைகள் அலுவலகத்துக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது. ஒரு நோஞ்சான்கூட இல்லையே என்று அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள். தோட்டத்துப் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று எல்லாரிடமும் காட்டினாள்.

சுவரில் அவள் போட்ட கோடு, தண்டை போட்டுக்கொண்டு நின்றது.

போனில் அலாரம் அடித்தது. பால் நேரம். தோளில் மகள் அசையவில்லை. லோஷினி அலாரத்தை நிறுத்தினாள்.

பெஞ்சின் கடைசியில் ஒரு சின்னப் பெண். தோட்டத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள் போலிருந்தாள். தண்டை சுற்றி வருகிற வரிசையில் அவளை யாரும் சேர்க்கவில்லை. அவள் கண்ணுக்குக் கீழேயும் அதே கறுப்பு. மடியில் தூங்குகிற பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்து அழுதது.

"எழுப்பாதீங்க" என்றாள் லோஷினி.

அவள் குரல் யாருக்குக் கேட்டிருக்கிறது?

தண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மகளைத் தோளில் சாய்த்தபடி, அவள் எழுந்து நின்றாள்.

"எழுப்பாதீங்க!"

மிஸ்ஸி திரும்பிப் பார்த்தார்.