சிவப்புப் பெட்டி

இளைஞர் மன்றத்து அறையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஸ்பீக்கரில் போட்ட போனில் அரசு அதிகாரி உற்சாகமாகப் பேசுகிறார். "இளைஞர் பரிமாற்றத்துக்கு மானியம் வந்தாச்சு மேடம்! பிள்ளைங்களை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இருபத்தஞ்சு வயசு தாண்டினவங்க மட்டும் வேணாம்." மன்றத்தை நடத்தும் சித்தி தலைகுனிகிறாள். இந்த மானியத்துக்காக வருஷா வருஷம் விண்ணப்பம் எழுதி அனுப்பிய அக்கா மகள் எதிரே நிற்கிறாள். போன மாதம்தான் அவளுக்கு அந்த வயது தாண்டியது. "அழுது தொலைச்சிடாதடி" என்று தன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் சித்தி. அக்கா மகள் அழவில்லை. முதல் விண்ணப்பம் போட்ட அன்றே வாங்கிய சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டியை அலமாரிக்கு அடியிலிருந்து இழுக்கிறாள். கைப்பிடியில் விலைச்சீட்டு இன்னும் ஆடுகிறது. "போற பொண்ணுகிட்ட இதைக் குடுத்துடுங்க சித்தி. சக்கரமாவது ஊர் பார்க்கட்டும்."