ரோகிணிக்கு முன்னே

"மத்தியானத்துக்கு மேல ரோகிணி வந்துரும். ரோகிணியில பிள்ளை பிறந்தா தாய்மாமனுக்கு ஆகாது. அதுக்குள்ள எடுத்துருங்க மாடத்தியக்கா!"

ஆவுடையம்மாள் வலியோடு வலியாக மருத்துவச்சியின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"கர்ப்பவாய் இன்னும் பாதிகூடத் திறக்கல தாயீ. கையால விரிச்சா கிழிஞ்சு போகும். அப்புறம் ரத்தத்தை யாராலயும் நிறுத்த முடியாது. ஆய்க்குடியில ஒருத்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தா."

"நான் போனாலும் போறேன். அம்மை இல்லாத என்னை வளர்த்தது எங்க அண்ணன். வளைகாப்புக்குத்தான் கொழும்புல இருந்து வர முடியல. பிள்ளையைத் தொட்டில்ல போட வருவாக. அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

மாடத்தி நடையில் நின்ற நம்பிராஜனைப் பார்த்தாள். "நீங்களாவது உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லுங்கய்யா."

அவன் சொல்ல வாயெடுத்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

மாடத்தி வேறு வழியில்லாமல் கையால் விரித்தாள். கார்த்திகை நட்சத்திரத்திலேயே ஆண்பிள்ளை பிறந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்த வெள்ளைக்கார டாக்டரை அழைத்துவர வண்டி பறந்தது.

"ரோகிணி வந்துட்டுதா?" ஆவுடையம்மாளின் குரல் தேய்ந்திருந்தது.

"இன்னும் வரல தாயீ."

"அப்போ அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது. வந்ததும் இவனை அவுக மடியில போடுங்க."

வண்டி திரும்புவதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

நம்பிராஜன் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கி அழுதான். பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்லக்கூடாது, பிரசவம் ஆகட்டும் என்று பெரியவர்கள் தடுத்ததைக் கேட்டு, கடைசிவரை வாயைத் திறக்காமலே இருந்துவிட்டான்.

அவள் அண்ணன் போன மாதமே கொழும்பில் விஷக்காய்ச்சலில் இறந்துபோயிருந்தார்.