மாஸ்டர் கை

“சுடவே இல்ல. ஜில்லுன்னு இருக்கே!” என்று மனைவியின் நெற்றியிலிருந்து கையை எடுத்தார் மாஸ்டர்.

பேக்கரி அடுப்புக்குள் கையை நீட்டிப் பார்த்தே பக்குவம் சொல்லுகிறவர் அவர். அந்தக் கையை முதலாளிகூட மறுத்துப் பேசியது கிடையாது.

மனைவிக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்த டாக்டர், படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். “லேசாக் காய்ச்சல் அடிச்சாலும் உடனே ஓடி வந்துடணும். பல்லு புடுங்குறதா இருந்தாலும் முன்னாடியே என்னைக் கேட்டு மாத்திரை போடணும். வால்வுல கிருமி ஒட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து.”

அன்றிலிருந்து காலையும் மாலையும் அவளைத் தொட்டுப் பார்க்காமல் மாஸ்டர் நகர்ந்ததில்லை. மகள் வாங்கி அனுப்பிய தெர்மாமீட்டர் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் தூங்கியது. “அடுப்போட சூட்டையே என் கை சொல்லுது. உங்கம்மா நெத்தியைச் சொல்லாதா?” என்று போனிலேயே அவள் வாயை அடைத்துவிட்டார்.

“ஒரே அசதியா இருக்குங்க. வாய்க்கு எதுவும் பிடிக்கல” என்றாள் மனைவி.

“ஆடுற பல்லை யாரையும் கேக்காம நீயே புடுங்கிப் போட்டா, வாய்க்கு எப்படிப் பிடிக்கும்? நல்லவேளை, காய்ச்சல் இல்ல. இருந்திருந்தா இந்நேரம் உன்னைத் தூக்கிட்டு ஓடியிருப்பேன்.”

அது வெறும் பேச்சில்லை. அவள் இல்லாமல் அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

அந்த வாரம் பேக்கரியில் அவருக்கு எதுவும் ஓடவில்லை. அடுப்புச் சூடு போதவில்லை என்று தீயைக் கூட்டிவிட, இரண்டு தடவை ரொட்டி கரிக்கட்டையாக வெளியே வந்தது.

“என்ன மாஸ்டர், மனசு இங்க இல்லையா?” என்றார் முதலாளி.

“வீட்ல அவளுக்கு முடியலைங்க” என்று தலையைக் குனிந்துகொண்டார். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்தது. அதுவும் கவலையால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எவ்வளவு எழுப்பியும் அவள் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்தபோது அவர் முகமே சரியில்லை. “வால்வு முழுக்கக் கிருமி. மூளைக்கும் போயிடுச்சு. ஒரு வாரமாவது காய்ச்சல் கொதிச்சிருக்கும். ஏங்க கூட்டிட்டு வரல?”

“காய்ச்சலா? இல்ல டாக்டர்! இன்னைக்குக் காலையிலகூடத் தொட்டுப் பார்த்தேன். என் கை பொய் சொல்லாது!”

டாக்டர் வாதாடவில்லை. “மகளையும் கூட்டிட்டு உள்ள போய் ஒரு தடவை பார்த்துடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மாஸ்டர் சுவரில் சாய்ந்து குழந்தைபோல் அழுதார். “தினம் பார்த்தேனேம்மா... ஒரு நாள் விடாமப் பார்த்தேனே...”

சேதி கேட்டு வெளியூரிலிருந்து அப்போதுதான் ஓடி வந்திருந்த மகள், தேற்றுவதற்காக அவர் கையைப் பற்றினாள். பற்றிய வேகத்தில் விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அப்பா... உங்களுக்கு எத்தனை நாளாக் காய்ச்சல்?”