கோட்டுப் பைக்கு ஏற்ற துவக்கு

"பைக்குள்ள போட்டுக்கிட்டு நட. நான் பாக்கணும்" என்றார் தேயிலைத் தோட்டத்துத் துரை.

வீரய்யா மேசையில் கிடந்த ரிவால்வரை எடுத்துத் தன் பழைய கறுப்புக் கோட்டுக்குள் விட்டான். பங்களாவில் சமையல் முதல் துவக்குக்கு எண்ணெய் போடுவதுவரை பார்க்கிற வேலையாள் அவன், தோட்டத்துப் பேச்சில் அப்பு.

வராந்தாவரை போய்த் திரும்பினான்.

"வயித்துகிட்ட வீங்கிக்கிட்டுத் தெரியுது" என்றார் துரை. "இப்ப அந்த பிஸ்டலப் போடு."

பிஸ்டல் தட்டை. கோட்டோடு கோட்டாகப் படிந்துகொண்டது. துரை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார்.

"இது தெரியல. ஆனா எனக்கு ரிவால்வர்தான் நம்பிக்க. நாள் பூரா வச்சிக்கிட்டுத் திரியணும், யாருக்கும் தெரியக்கூடாது, அவசரத்துக்குக் கை குடுக்கணும். நீ சொல்லு, எது நல்லது?"

எதற்கு என்று வீரய்யா கேட்கவில்லை. துரை கேட்டால் அப்பு பதில் சொல்லலாம். அப்பு துரையிடம் கேள்வி கேட்கக்கூடாது. அதுதான் பங்களா மரியாதையாம். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது, வாய்க்குப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று தோட்டமே ஸ்ட்ரைக்கில் கிடக்கிறது. முன்னால் நிற்கிற சங்கத் தலைவர் சோலைமலை, வீரய்யாவின் கூடப்பிறந்த தம்பி. தாய் தகப்பன் போனபிறகு அண்ணன் தோளிலேயே வளர்ந்தவன்.

அவனுக்குத்தான் அந்தப் பூட்டுக் கிடையாதே. நேற்று ஆபீஸ் வாசலில், துரைக்கு முன்னால் விரித்த குடையை மடக்காமல் நின்று, "ஒங்க பங்களா ஒழுகினா விட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருப்பீங்களா தொர?" என்று கேட்டுவிட்டான். துரையின் முகம் மிளகாய்ப்பழமாகிப்போனதை எல்லாரும் பார்த்தார்கள்.

ஏற்கெனவே பெரிய கங்காணிக்கு அவனைக் கண்டால் ஆகாது. சங்கம் வந்தபிறகு கங்காணியை மதிக்க ஆளில்லை. போதாக்குறைக்குத் துரையையும் பகைத்துக்கொண்டானே பாவி என்று வீரய்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு மேசையில் ரெண்டு துவக்கு. வேறு யாருக்காக இருக்கும்?

ரிவால்வர் அமுக்கினால் வெடிக்கும். பிஸ்டல் கதை வேறு. அது பழைய துரை விட்டுவிட்டுப் போனது. வெறிநாய் பாய்ந்து வந்தபோது அவர் அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார். குண்டு சிக்கிக்கொண்டது. நாய் கடித்து, அவர் ஊசி போடக் கொழும்புக்கு ஓடினார். பக்கத்தில் நின்றது வீரய்யா மட்டும்தான். அதைப் பிறகு யாரும் பழுதுபார்க்கவில்லை, இந்தப் புதுத் துரைக்கு அது தெரியவும் தெரியாது.

"பிஸ்டல்தாங்க தொர" என்றான்.

"நல்லா வேல செய்யுமா? இப்ப சுட்டுப் பாத்தா சத்தம் கேட்டு லயமே ஓடி வரும்."

"அருமையா செய்யுங்க தொர. நாந்தான எண்ண போடுறேன். அந்த ரிவால்வர் பையில நின்னா சின்னப் புள்ளகூட கண்டுபுடிச்சிரும்."

துரை அவன் முகத்தைப் பார்த்தார். வீரய்யா தரையைப் பார்த்தான். இருபது வருஷமாகப் பங்களாச் சோறு தின்றவன் சொன்ன முதல் பொய் அதுதான்.

"சரி. நீ சொன்னா சரி."

பிஸ்டலைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஆட்களைக் கூட்டிப் பேர் போடும் பெரட்டுக்களத்துப் பக்கம் ஜீப் இறங்கியது. வீரய்யா குசினி வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டான். மாரியாத்தா, சிக்கிக்கிடணும் தாயே, சிக்கிக்கிடணும்.

ஒரு சத்தமும் இல்லை. மலைக்கு அந்தப்பக்கம் ஒரு லொறி முனகிக்கொண்டு போனதோடு சரி. அப்பாடா என்று அடுப்பில் தண்ணி வைத்தான். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். கிடைக்காவிட்டால் போகட்டும், தம்பி இருக்கிறான்.

துரை திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. கையில் கைலேஞ்சி மட்டும் இருந்தது. வீரய்யா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினான்.

"ஒரு சங்கதி. வெளிய விடாத" என்றார் துரை, ஊதிக் குடித்துக்கொண்டே. "பெரிய கங்காணி ஹட்டன் ரோட்டு வளைவுல ஆள் நிறுத்தியிருக்கான். சோலைமலைய வெட்டிப்போட. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

வீரய்யா ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"போகாதன்னு சொன்னேன், கேக்கல. ஹட்டன் சங்க ஆபீசுல பேச்சு வார்த்தையாம். பொலிஸ் வர்ற வரைக்கும் நிக்க மாட்டேங்கிறான். அவன் திமிர் புடிச்சவன், ஆனா நல்லவன். அவன் செத்தா இந்தத் தோட்டமும் எரிஞ்சிரும். அதான் பிஸ்டல அவன் கோட்டுல வச்சி அனுப்பினேன்."

"தொர, அவன் இப்ப எங்கங்க?"

"லொறியில போயிட்டான். இந்நேரம் அந்த வளைவுக்கே போயிருப்பான்."

வீரய்யா மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தான். துரை சிரித்தபடி அவன் தோளில் தட்டினார்.

"மொதல்ல தொடவே மாட்டேன்னான். ஒங்கண்ணன் பாத்து எடுத்ததுன்னு சொன்னேன், ஒடனே வாங்கிக்கிட்டான்."