முன்வரிசைக் கதிரை

"பத்மா, அந்தக் கதிரையைத் தாவன். முழங்கால் நோகுது."

வெள்ளவத்தையில் அந்தச் சின்ன மண்டபம் நிறைந்துவிட்டது. பாலசுந்தரம் மாமா சுவரோரம் நின்றார். முன்வரிசையில் பத்மாவதிக்குப் பக்கத்துக் கதிரையிலோ அவளுடைய கைப்பை சொகுசாக வீற்றிருந்தது.

"ஆள் வருது அண்ணை," என்றாள் பத்மாவதி.

மறுபக்கம் இருந்த மகன் ஜனாவுக்கு மானம் போனது. அவன் எடுத்த முதல் படம். முன்வரிசை வீட்டு ஆக்களுக்கு என்று அவன்தான் அம்மாவை அங்கே இருத்தியிருந்தான். வயதானவரை நிற்கவைத்துவிட்டுக் கைப்பைக்கு ஆசனமா?

அதைவிடப் பெரிய பயம் வேறு இருந்தது. படம் அவனுடைய சொந்தக் கதை. அம்மாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள். அந்தப் பயத்தில்தான், அவன் நேசிக்கும் நிலாம் தெஹிவளையிலிருந்து ரயிலேறி வந்தும், அவனை வாசலோடு நிற்கச் சொல்லியிருந்தான்.

படம் தொடங்கியது. ஒருவன் கல்லில் இருந்து கடலைப் பார்த்தான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மெஷின் இறுகிப்போச்சோ?" என்றார் மாமா.

"அலை அசையுது மாமா," என்றான் ஜனா.

தூரத்தில் ஒரு கப்பல் வந்தது. கல்லில் இருந்தவன் ஒருவழியாக வாய் திறந்தான். "அதில ஏறிப் போயிட்டா, எனக்கு அவனைத்தான் பிடிக்கும் எண்டு ஒளிக்காமல் சொல்லலாம்."

பத்மாவதி எழுந்து விறுவிறென்று வெளியே போனாள்.

"பெத்த மனம். எப்பிடித் தாங்கும்?" மாமா உச்சுக்கொட்டினார். துக்கத்தோடு துக்கமாகக் கைப்பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தும் கொண்டார்.

பேசாமல் அந்தக் கப்பலில் தானே ஏறியிருக்கலாம் என்று ஜனாவுக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. நிலாமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பத்மாவதி வந்தாள்.

"அண்ணை, எழும்புங்கோ. என்ரை கதிரையில இருங்கோ. இதுக்கு ஆள் வந்திட்டுது."

"ஆன்ட்டி, நான் வெளியிலயே..." நிலாம் நெளிந்தான்.

"பேசாமல் இரு மகன்." அவள் திரையைப் பார்த்தாள். "நல்ல காலம், கடல் இன்னும் முடியேல்லை."

பிறகு ஜனாவிடம் குனிந்தாள்.

"முன்வரிசை வீட்டு ஆக்களுக்கு எண்டு சொல்லிப்போட்டு, இவனை ஏனடா வாசலில நிப்பாட்டினனீ?"