ஒயின் படிப்பு

பிற்பகல் வெயில் சாப்பாட்டு மேசையில் நான்கு கண்ணாடிக் கிளாஸ்களுக்குள்ளும் இறங்கி நிற்கிறது. வெளியே பழனி பஸ் ஹாரன் அடித்துப் போகிறது. ஓட்டல் வேலைக்கான ஒயின் ருசிப் பரீட்சைக்குத் தயாராகும் பவித்ரா, பிரான்ஸ் நாட்டுச் சிவப்பு ஒயினை நாக்கில் புரட்டி ருசி மட்டும் பார்த்துவிட்டு, துப்புவதற்கென்று வைத்த குவளையில் துப்புகிறாள்.

"புளிப்பு கம்மி. மழ பேஞ்ச மண்ணு வாசம்."

குடியை விட்டு இரண்டு வருடமான அவள் கணவன் முகேஷ்குமார், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே அதை எழுதுகிறான்.

"செத்த நேரம் வெளிய போயிட்டு வாங்களேன்."

"இருக்கட்டும். நீ பாரு."

குவளை நிரம்பியதும் அவனே அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகிறான். பவித்ரா மூச்சை அடக்கிக் காது கொடுக்கிறாள். கொட்டும் சத்தம் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. பிறகு சளசளவென்று கொட்டுகிறது, குழாய் திறக்கிறது. கழுவிய குவளையோடு வந்து உட்கார்ந்து பேனாவை எடுக்கிறான்.

"அடுத்தது எந்த ஊரு?"

"இத்தாலி" என்கிறாள், பேனா பிடித்த அவன் விரல்களைப் பற்றிக்கொண்டு.